மருந்து தெளிக்குமுன் தூரைப் பிரித்துப் பாருங்கள்

காரைக்கால் நகரத்தோடு ஒட்டியிருக்கும் கோவில்பத்துக்குத் தேவாரத்தில் உள்ள பெயர் திருத்தெளிச்சேரி. சோழ நாட்டில் பஞ்சம் வந்த காலத்தில் இறைவன் உழவனாக வந்து வயலில் விதை தெளித்தார், அதனால் ஊருக்குத் தெளிச்சேரி என்று பெயர் வந்தது என்று தலபுராணம் சொல்கிறது. பார்வதீசுவரர் கோயிலில் விதை தெளிக்கும் உற்சவமும் உண்டு.

அந்தக் காலத்தில் 'தெளித்தல்' என்றால் விவசாயிக்கு விதைதான் நினைவுக்கு வந்திருக்கும். இன்று அதே ஊரில் ஒருவரையொருவர் "தெளிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டால், அது மருந்தைப் பற்றிய கேள்வி. சம்பா நட்டு இருபது, இருபத்தைந்து நாளானதும் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

"அண்ணே, மேலண்ட வயல்ல அடிச்சிட்டாங்க. பூச்சியெல்லாம் இங்கதான் பறந்து வரும். நீங்க எப்ப அடிக்கப்போறீங்க?"

"நாளைக்கே அடிச்சிட வேண்டியதுதான் தம்பி. கடையில சொல்லி வச்சிருக்கேன்."

இந்தப் பேச்சில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. என்ன பூச்சி, எத்தனை பூச்சி என்று அண்ணனும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்கிறவருக்கு ஒரு தெளிப்பு என்பது மருந்து விலை, தெளிப்பான் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்ந்த செலவு. அந்தச் செலவு பயிரைக் காப்பாற்றினால் சரி. பயிர் காயப் போவதற்கே அதுதான் காரணமாக அமைந்தால்? நடவான முதல் நாற்பது நாளில் பாராமல் தெளிக்கும் மருந்து பல சமயம் அப்படித்தான் அமைகிறது. அதற்கான காரணம் அந்த வயலில் யார் யார் குடியிருக்கிறார்கள், யாரை யார் தின்று பிழைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

வயல் ஒரு வீடு

உயிர்கள் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்து வாழ்கின்றன என்று ஆராயும் சாஸ்திரத்தைத் தமிழில் சூழலியல் என்கிறோம். 1866-ல் இதற்குப் பெயர் வைத்த எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, 'வீடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார். பொருத்தமான பெயர். உயிர்களையும் அவை இருக்கும் மண், நீர், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று 1935-ல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவர விஞ்ஞானி எழுதினார். அந்த அமைப்புக்குச் சூழல் தொகுதி என்று பெயர். காடும் ஒரு சூழல் தொகுதி, கடலும் ஒரு சூழல் தொகுதி. நான்கு பக்கமும் வரப்புக் கட்டிய ஒரு மா நஞ்சையும் அப்படித்தான்.

ஒரு வீட்டில் சம்பாதிக்கிறவர் உண்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறவர் உண்டு, பெருக்கித் துடைக்கிறவரும் உண்டு. வயலில் சம்பாதிப்பது நெற்பயிரும் தண்ணீரில் மிதக்கும் பாசியும். வெயிலைப் பிடித்துச் சோறாக்க இவற்றுக்கு மட்டுந்தான் தெரியும். தத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குருத்துப்பூச்சியும் அதைத் தின்கின்றன. சிலந்தி, தட்டான், பொறிவண்டு, தவளை எல்லாம் அந்தப் பூச்சிகளைத் தின்கின்றன. தவளையைப் பாம்பும், எலியைக் கூகையும் பிடிக்கின்றன. செத்தது, சருகானது, சாணமானது எல்லாவற்றையும் பாக்டீரியா, பூஞ்சாணம், மண்புழு ஆகியவை சிதைத்து மறுபடியும் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் நஷ்டம் அதிகம். தின்றதில் சுமாராகப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பாக மாறுகிறது. மீதி மூச்சிலும் ஓட்டத்திலும் கழிவிலும் போய்விடும். அதனால்தான் பயிர் நிறைய, பூச்சி அதைவிடக் குறைவு, சிலந்தி இன்னும் குறைவு, தவளை எண்ணிவிடக்கூடிய அளவு, கூகை ஊருக்கு ஒன்றிரண்டு என்று இருக்கிறது. மேல்படியில் இருப்பவை எண்ணிக்கையில் சிறியவை, பெருகுவதிலும் மெதுவானவை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

சிலந்தி எதைத் தின்று காத்திருக்கிறது?

கார்த்திகை, மார்கழிக் காலையில் வரப்பில் நடந்து போகிறவர்கள் பயிர் நுனிகளுக்கு நடுவே பனி கோத்த வலைகளைப் பார்த்திருப்பார்கள். வலை கட்டாத சிலந்தியும் உண்டு. தூரைப் பிரித்தால் தண்ணீர்மேல் விறுவிறுவென்று ஓடும் சாம்பல், பழுப்பு நிறச் சிலந்திக்கு ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். முதுகில் இரண்டு விரல்போலப் பிரிந்த கோடு இருக்கும். பெண் சிலந்தி முட்டைப் பையைப் பின்பக்கத்தில் கட்டிக்கொண்டு திரியும். குஞ்சு பொரித்த பிறகு அறுபது, எண்பது குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு ஓடும்.

இந்தச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். நட்டு இரண்டு, மூன்று வாரத்திலேயே வயலுக்குக் குடிவந்துவிடும். அந்தச் சமயத்தில் புகையான் பெரும்பாலும் வந்திருக்காது; வந்தாலும் சொற்பம். அப்படியானால் அதுவரை சிலந்திக்குச் சாப்பாடு எது?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் விஞ்ஞானிகள் இதைத் தேடிப் பார்த்தார்கள். நெல் வயல்களில் 700-க்கும் மேற்பட்ட வகைப் பூச்சிகளும் சிலந்திகளும் வாழ்வதை அவர்கள் கண்டார்கள். 1996-ல் வெளியான அவர்களது ஆராய்ச்சியில் கிடைத்த விடை எளிமையானது. நடவுக்கு முன் உழுது அமுக்கிய தாள், தழை, சாணம் எல்லாம் தண்ணீரில் ஊறி அழுகுகின்றன. அதில் நுண்ணுயிர்களும் பாசியும் பெருகுகின்றன. அவற்றைத் தின்று தெள்ளுப்பூச்சிபோல் குதிக்கும் நீர்ப்பூச்சிகளும், கொசுவைப்போல இருந்தாலும் கடிக்காத ஒருவகைச் சிற்றீக்களும் லட்சக்கணக்கில் பெருகுகின்றன. சேற்றைக் கிளறும்போது நூல்போலச் சிவப்பாக நெளியும் சிறு புழுக்கள் அந்தச் சிற்றீயின் குஞ்சுகள்தான். இவை பயிரைத் தொடுவதில்லை. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று யாரும் கவனிக்காதவை. பருவத்தின் முதல் மாதத்தில் சிலந்திக்கும் மற்றக் கொன்றுண்ணிகளுக்கும் சோறு போடுகிறவை இவைதான். வயலில் தொழுவுரமும் தழையும் கூடுதலாகப் போட்டபோது இந்தச் சிற்றீக்களும் கூடின, பின்னாலேயே சிலந்திகளும் கூடின என்றும் அந்த ஆராய்ச்சி காட்டியது.

கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுவதையும், கோடையில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போடுவதையும் டெல்டா விவசாயி பயிருக்கு உரம் என்றுதான் நினைத்துச் செய்துவருகிறார். அது சிலந்திக்கும் முன்கூட்டியே சமைத்து வைத்த சாப்பாடாக இருந்திருக்கிறது.

இருபத்தைந்தாம் நாளில் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது இந்தச் சிற்றீக்களை. தண்ணீர்மேலும் தூரிலும் ஓடித் திரியும் சிலந்தி நேரடியாக மருந்திலேயே சாகும். தப்பிய சிலந்திக்கும் சாப்பாடு போய்விட்டது. கடன் வாங்கி அடித்த மருந்து, வயலுக்குச் சம்பளமில்லாமல் வந்த காவல்காரனை விரட்டிவிட்டது.

இருநூறு முட்டைக் கணக்கு

இனிப் புகையானுக்கு வருவோம். பழுப்பு நிறத் தத்துப்பூச்சியைத்தான் நம் பக்கத்தில் புகையான் என்கிறோம். வயல் வட்டவட்டமாகப் புகை பிடித்ததுபோல் காய்வதால் வந்த பெயர். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்க்கிறவருக்குப் பயிர் பச்சையாகத்தான் தெரியும்.

பெண் பூச்சி இலையுறைக்குள் கீறி அதற்குள்ளே முட்டை வைக்கும். ஒரு பூச்சி சுமார் இருநூறு முட்டை வைக்கும் என்று கொள்ளலாம். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு வரும். முட்டையிலிருந்து முட்டை வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நீண்டகாலச் சம்பாப் பயிரில் மூன்று தலைமுறைக்குக் குறையாது.

இருநூறில் பாதி பெண், எல்லாமே பிழைக்கின்றன என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு பெண் பூச்சி முதல் தலைமுறையில் 100 பெண் பூச்சி, இரண்டாவதில் 10,000, மூன்றாவதில் 10 லட்சம். இப்படியே நடந்தால் காவிரி டெல்டாவில் ஒரு கதிர்கூட மிஞ்சாது. ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில், பெரும்பாலான வயல்களில் நெல் விளையத்தான் செய்கிறது. பூச்சி எண்ணிக்கை ஏறாமல் நிற்க வேண்டுமானால் இருநூறு முட்டையில் இரண்டு மட்டும் பிழைத்து, 198 சாக வேண்டும். அந்த 198-ஐயும் கொல்வது யார்?

முட்டையாக இருக்கும்போதே கொல்கிற ஒரு சிறு பூச்சி இருக்கிறது. மிரிட் நாவாய்ப்பூச்சி என்பார்கள். பச்சையும் கறுப்புமாக, நீண்ட மீசையோடு சுறுசுறுப்பாகத் திரியும். இலையுறைக்குள் ஊசிபோன்ற வாயைச் செருகி நாளொன்றுக்கு 7 முதல் 10 முட்டை வரை உறிஞ்சிவிடும். பலர் இதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்துப் பயந்து மருந்தடிக்கிறார்கள். முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும் கண்ணுக்குத் தெரியாத குளவிகளும் உண்டு. தூரிலிருந்து தவறித் தண்ணீரில் விழும் குஞ்சுகளை நீர்மேல் ஓடும் சிறு நாவாய்ப்பூச்சிகள் கூடி இழுத்துத் தின்னும். மீதிக்குச் சிலந்தி, பொறிவண்டு, தட்டான், ஊசித்தட்டான், தவளை.

மருந்து அடித்தவுடன் புகையானும் சாகிறது, இவையும் சாகின்றன. ஆனால் இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைக்கு மருந்து எட்டுவதில்லை. ஒரு வாரத்தில் குஞ்சு பொரித்து வெளியே வருகிறது. வயல் சுத்தமாக இருக்கிறது. எதிரி ஒருவரும் இல்லை. மேல்படியில் இருப்பவை மெதுவாகப் பெருகுபவை என்று முன்பே பார்த்தோம். சிலந்தி பழைய எண்ணிக்கைக்கு வருவதற்குள் புகையான் ஒரு தலைமுறை முன்னால் போய்விடும். சில மருந்துகள், செயற்கைப் பைரித்ராய்டு வகையும் குயினால்பாஸும் இதில் சேர்ந்தவை, சாகாமல் தப்பிய புகையானை இன்னும் கூடுதலாக முட்டையிட வைப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. அடித்த மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து விவசாயி இன்னொரு மருந்து வாங்கப் போகிறார்.

ஜாவாவில் நடந்தது

இந்தப் பாடத்தை ஆசியா முழுவதும் நிறையச் செலவு செய்துதான் கற்றுக்கொண்டார்கள். குட்டை ரக நெல், அதிகத் தழைச்சத்து, அடிக்கடி மருந்து என்று சாகுபடி மாறிய பிறகு, அதுவரை பெரிதாகப் பேசப்படாத புகையான் பெரிய பூச்சியானது. கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74-ல் வயல் வயலாகக் காய்ந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 26 என்ற எதிர்ப்புச் சக்தி ரகம் 1973-ல் வந்தது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் புகையான் அதையும் தின்னப் பழகிக்கொண்டது. 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. ரகத்தை மட்டும் நம்பி இந்த ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்க முடியாது என்பது தெரிந்துபோயிற்று. 1970-களின் கடைசியில் பீட்டர் கென்மோர் என்ற ஆராய்ச்சியாளர் பிலிப்பைன்ஸ் வயல்களில் மருந்து அடித்த பாத்தி, அடிக்காத பாத்தி என்று பிரித்து எண்ணிப் பார்த்தார். அடித்த பாத்தியில்தான் புகையான் பல மடங்கு.

இந்தோனேசிய அரசு அந்தக் காலத்தில் பூச்சிமருந்துக்குப் பெரிய மானியம் கொடுத்துவந்தது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக அறிவித்த நாடு, அடுத்த இரண்டு ஆண்டில் ஜாவாவில் மறுபடியும் புகையானிடம் மாட்டிக்கொண்டது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். மானியமும் 1989-க்குள் எடுக்கப்பட்டது. நாடே பட்டினி கிடக்கும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை.

வியட்நாமின் மேகாங் டெல்டாவும் நம் டெல்டாவைப்போலக் கடலோரத்து நெல் பூமிதான். அங்கே லாங் ஆன் மாகாணத்தில் 1994-ல் துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, வானொலி நாடகம் என்று பல வழியில் ஒரே செய்தியைச் சொன்னார்கள்: முதல் 40 நாள் இலையைத் தின்னும் புழுவுக்காக மருந்து அடிக்காதீர்கள், நம்பிக்கையில்லை என்றால் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள். விவசாயிகள் பலர் பார்த்தார்கள். தெளிப்பின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

முதல் நாற்பது நாளில் இலை நாலு கிழிந்தால் இளம்பயிர் புதுத்தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வெள்ளையாகச் சுருண்ட இலையைக் கண்டதும் மனசு பதறுகிறது என்பது உண்மைதான். பதற்றத்துக்கு மருந்து அடிக்க முடியாது.

எண்ணிப் பார்க்கும் முறை

காலை வேளையில் வயலில் இறங்கி, மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக நடந்து, அங்கங்கே மொத்தம் 20 குத்துகளைப் பார்க்க வேண்டும். குத்தைக் கையால் விலக்கி அடியில் பார்த்து, பிறகு லேசாகத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று இரண்டையும் எண்ணிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நோட்டுப் புத்தகத்தோடு வரப்பில் உட்கார வைத்தால் வேலை சுலபம்.

குத்துக்கு 15 தூர் என்றால் 20 குத்தில் 300 தூர். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான், அதாவது மொத்தம் 300 வந்தால் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி, அதாவது மொத்தம் 20 சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை, 600 வரை பொறுத்திருக்கலாம். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. குத்துக்கு ஒரு சிலந்தியின் மதிப்பு எவ்வளவு என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது. குருத்துப்பூச்சிக்குப் பயிர் வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து நடுக்குருத்துக் காய்வதும், இலைச்சுருட்டுப் புழுவுக்கு நூற்றுக்குப் பத்து இலை சேதமாவதும் அளவு. அதற்குக் கீழே இருந்தால் வரப்பேறி வீட்டுக்குப் போகலாம். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் எண்ண வேண்டும். ஒரே தடவை எண்ணிவிட்டு ஐப்பசியிலிருந்து தை வரை தூங்கினால் யார் வந்தும் காப்பாற்ற மாட்டார்கள்.

எல்லாவற்றையும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தவறு. நாற்றங்காலிலிருந்தே நோய் பரப்பும் தத்துப்பூச்சி வந்துவிடுவதுண்டு. அடைமழை விட்டு மூட்டம் போட்ட நாட்களில் புகையான் சட்டென்று ஏறும். அளவைத் தாண்டிவிட்டால் முதலில் வயலில் தண்ணீரை வடிக்க வேண்டும். இளசாக இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் ஐந்து சதம் போதும். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீராக்கித் தெளிக்கலாம். அதற்கும் மேல் போனால், பைரித்ராய்டு வகையைத் தவிர்த்து, வேளாண்மை அதிகாரி எழுதிக் கொடுக்கும் மருந்தை மட்டும், தூரின் அடியில் படும்படி, முடிந்தால் காய ஆரம்பித்த வட்டத்திலும் அதைச் சுற்றியும் மட்டும் அடிக்க வேண்டும். இலை நுனியில் அடிக்கும் மருந்து சிலந்தி வலையை நனைக்குமே தவிரப் புகையானைத் தொடாது. இரண்டு, மூன்று மருந்தைக் கலக்கி ஒரே தெளிப்பாக அடிக்கச் சொல்லும் கடைக்காரரின் யோசனை கடைக்குத்தான் லாபம்.

புகையானை வரவழைப்பதில் விவசாயியின் கைக்கும் பங்கு உண்டு. யூரியாவை அள்ளி வீசிக் கரும்பச்சையாக நிற்கும் பயிர் புகையானுக்கு விருந்து. சாற்றில் தழைச்சத்து கூடக்கூட முட்டையும் கூடும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போடுவது நல்லது. நெருக்கி நட்ட வயலில் தூரடியில் வெயிலும் காற்றும் படுவதில்லை. இரண்டரை மீட்டருக்கு ஒரு தரம் ஓர் அடி இடைவெளி விட்டு நட்டால், பிறகு மருந்தடிக்க நேர்ந்தாலும் நடந்து போக வழி இருக்கும்.

கடைமடையின் சங்கடம்

காரைக்கால் விவசாயிக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. அரசலாறும் மற்ற கிளையாறுகளும் கடலில் விழுமுன் கடைசியாக நீர் தரும் பூமி இது. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை 2018-ல் உச்சநீதிமன்றமும் மாற்றாமல் விட்டது. ஒதுக்கீடு ஏட்டில் இருந்தாலும், மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் நட்டுப் பல நாள் கழித்து, கடைசி வயல்காரர் நாற்றுப் பறிப்பார். ஒரே ஊரில் முற்றின பயிர், இளம்பயிர், நாற்றங்கால் மூன்றும் இருக்கும். முற்றின பயிரில் சாறு வற்றியதும் புகையான் நீண்ட இறக்கை முளைத்துப் பறந்து இளம்பயிருக்குப் போய்விடுகிறது. அதற்குப் பட்டினியே கிடையாது. ஒரு வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று வாரத்துக்குள் நடவை முடித்தால் இந்தச் சங்கிலி அறும்.

பூச்சிக்கு வரப்புத் தெரியாது என்று சொல்லித்தான் பக்கத்து வயல்காரர் பயப்படுகிறார். சிலந்திக்கும் வரப்புத் தெரியாது. குஞ்சுச் சிலந்தி நூலைக் காற்றில் விட்டு அதிலேயே மிதந்து அடுத்த வயலுக்குப் போகும். மருந்தடிக்காத ஒரு வயல் சுற்றியுள்ள நாலு வயலுக்கும் காவல் அனுப்புகிறது.

எலி விஷயத்திலும் இதே கதைதான். தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதோடு, ஏக்கருக்குப் பதினைந்து, இருபது தென்னைமட்டைகளைத் தலைகீழாக நட்டுவைத்தால் பகலில் கரிச்சான் குருவி உட்கார்ந்து புழு பொறுக்கும், இரவில் கூகை உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது மட்டையைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் நெல் தின்னும் குருவிக்கும் அதுவே ஆசனமாகிவிடும். கூகை குழறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாவு வருவது எலிக்குத்தான். தவளைக்கும் ஒரு காலம் இருந்தது. அதன் காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா, 1987-ல் அதைத் தடை செய்தது.

அறுவடைக்குப் பிறகு சிலந்தி எங்கே?

ஜாவா ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. பல மாதம் காய்ந்து கிடக்கும் பரந்த வயல்வெளியில் அடுத்த நடவுக்குச் சிலந்தி வந்து சேரத் தாமதமாகிறது. நம் கடைமடையும் கோடையில் வெடித்துக் கிடக்கிறது. அப்போது சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் ஒதுங்க இடம் வரப்புப் புல், வாய்க்கால் கரை, குளத்தங்கரை, வைக்கோல் போர். வரப்பைச் சுத்தமாக வைக்கிறேன் என்று களைக்கொல்லி அடித்து மொட்டையாக்குவதும், தாளுக்குத் தீ வைப்பதும் இந்த இடத்தை அழிக்கின்றன. சீனாவில் சில பகுதிகளில் அறுவடைக்குப் பின் வைக்கோல் கட்டுகளை வரப்பில் போட்டு, அதில் ஒதுங்கிய சிலந்திகளை அப்படியே அடுத்த பயிருக்குத் தூக்கிச் செல்வார்கள். செலவில்லாத வேலை.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரம் மெழுகுபதத்தில் இருக்கும்போது உளுந்து, பயறு தெளிக்கும் வழக்கம் இங்கே இருப்பது நல்லதாயிற்று. உளுந்தின் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதை எல்லோரும் அறிவார்கள். நெல்லை அறுத்ததும் வெயிலில் அகப்பட்டுக்கொள்ளும் சிலந்திக்கு அந்த உளுந்துச் செடி நிழலும் இரையும் தருகிறது. நெல் நிற்கும்போதே வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுவதும் இதற்காகத்தான். தட்டைப்பயற்றில் அசுவினி வந்தால் பதற வேண்டாம். பொறிவண்டு அதைத் தேடி வந்து, அங்கேயே பெருகி, நெல்லுக்கும் இறங்கும்.

வரும் சம்பாவில் சந்தேகமுள்ளவர்கள் மூன்று மாவில் ஒரு மாவை மட்டும் முதல் 40 நாள் மருந்தில்லாமல் விட்டுப் பார்க்கலாம். ரகம், நடவு நாள், உரம் எல்லாம் மற்ற இரண்டு மாவைப் போலவே இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எண்ணியதை நோட்டில் குறிக்க வேண்டும். பெயர் தெரியாத பூச்சி கிடைத்தால் தீப்பெட்டியில் போட்டு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, காரைக்கால் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரிக்கோ எடுத்துப் போய்க் காட்டலாம். அறுவடை இயந்திரம் வரும் நாளில் அந்த ஒரு மாவை முதலில் அறுக்கச் சொல்லி, நெல்லைத் தனியாகக் கொட்டி எடைபோட்டு, தெளிப்புச் செலவைக் கழித்துக்கொண்டு மற்ற இரண்டு மாவோடு ஒப்பிட வேண்டும்.